பழைய சின்ன டீசல் காருக்கு மைலேஜ் ஏத்துறது எப்படி: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில தொடணும்

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா குவாட்ராஜெட், புன்ட்டோ, இது எல்லாத்துலயும் இருக்குறது அதே 1248 சிசி ஃபியட் மல்டிஜெட் இன்ஜின் தான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததோட மாருதி டீசல் விக்கிறதையே நிறுத்திட்டாங்க, அதனால இப்ப மாருதி டீசல் ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் ரெண்டாவது மூணாவது ஓனர். வாங்கும்போது "20க்கு குறையாம குடுக்கும் சார்"னு சொல்லித்தான் வித்திருப்பாங்க, வீட்டுக்கு வந்தா 15 கூட தாண்ட மாட்டேங்குது. உடனே இஞ்செக்டர் (இன்ஜினுக்குள்ள டீசல தெளிக்கிற பார்ட்) கிளீனிங், ஏதோ ஒரு பாட்டில் அடிட்டிவ், அப்புறம் இசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்க மாத்துறது)னு காசு போகும். நான் பாத்த வரைக்கும் பணம் வீணாகுறது செய்யாத வேலையால இல்ல, தலைகீழ் வரிசைல செஞ்ச வேலையால தான். அதனால வரிசைய மாத்தாம படிங்க.

உதாரணம் எல்லாம் ஸ்விஃப்ட் வெச்சு சொல்றேன், ஐ20 1.4 மாதிரி மத்த சின்ன டீசலுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரு சின்ன நோட்டு (போன்ல இருந்தாலும் சரி), நம்புற மாதிரி ஒரு டயர் பிரஷர் கேஜ், ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டு கொடுக்க ரெண்டு கல், அப்புறம் போனோட ப்ளூடூத்ல சேர்ற ஓபிடி அடாப்டர் ஒண்ணு, இன்ஜின் கம்ப்யூட்டர் ரீடிங்க போன்ல காட்டுறது. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்லயே கிடைக்குது. இது இல்லாம அஞ்சாவது ஸ்டெப் செய்ய முடியாது, அதனால முதல்லயே ஆர்டர் போட்டு வைங்க.

வண்டியோட மேனுவலும் வேணும். பழைய ஓனர் குடுக்கலைன்னா கம்பெனி சைட்ல பிடிஎஃப் கிடைக்குதானு தேடுங்க. டயர் காத்து, ஆயில் கிரேடு, ஃபில்டர் மாத்துற கிமீ இதெல்லாம் அதுல இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற நம்பர் வேண்டாம்.

இன்னொரு கேள்வி, இத நேர்மையா உங்களையே கேட்டுக்கங்க: வண்டி ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணா எவ்வளவு தூரம் ஓடுது? தினமும் ஸ்கூலுக்கு 3 கிமீ, மார்க்கெட்டுக்கு 2 கிமீனு மட்டும் ஓடுற டீசல் வண்டிக்கு கீழ இருக்குற எதுவும் பெருசா உதவாது. டீசல் இன்ஜின் சூடேறவே நேரம் எடுக்கும், சூடேறாத இன்ஜின் கூட குடிக்கும், சூடேறுறதுக்குள்ள நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்க. அந்த மாதிரி ஓட்டத்துக்கு பெட்ரோல் வண்டி தான் சரி, இதுல செலவு பண்றத விட வித்துடுறது லாபம்.

2. முதல்ல ஒழுங்கா அளங்க

டிஸ்ப்ளேல காட்டுற ஆவரேஜ நம்பாதீங்க, அது பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். டேங்க் டு டேங்க் தான் வழி. ஒரு பங்க்ல ஃபுல் டேங்க் போடுங்க, நாசில் முதல் தடவ தானா கட் ஆனதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல ரவுண்டா வரட்டும்னு அழுத்த சொல்லாதீங்க, ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க. 400, 500 கிமீ ஓட்டிட்டு அதே பங்க்ல, முடிஞ்சா அதே பம்புல, அதே மாதிரி முதல் கட் வரைக்கும் போடுங்க. ஓடின கிமீய இப்ப ஏறின லிட்டரால வகுத்தா மைலேஜ்.

400 கிமீ எதுக்குன்னா, டீசல் நுரை கட்டும். வேகமா அடிச்சா நுரையே நாசில கட் பண்ணிடும், டேங்க்ல ஒரு லிட்டர் கம்மியா இருந்தாலும் ஃபுல்னு நினைச்சுக்குவீங்க. 480 கிமீக்கு 27 லிட்டர் ஏறுச்சுன்னா 17.8. அதுல ஒரு லிட்டர் முன்ன பின்ன ஆனா 17.1ல இருந்து 18.5 வரைக்கும் தான் மாறும், பரவால்ல. ஆனா 100 கிமீ மட்டும் ஓட்டிட்டு அளந்தீங்கன்னா அதே ஒரு லிட்டர் தப்புக்கு அதே வண்டி 15னும் காட்டும் 21னும் காட்டும். "பாட்டில் ஊத்தினேன், மைலேஜ் 3 ஏறிடுச்சு"னு சொல்றவங்கள்ல நிறைய பேர் இந்த நுரையத்தான் அளந்திருக்காங்க.

குறைஞ்சது மூணு டேங்க் எழுதி ஆவரேஜ் எடுத்துட்டு தான் வண்டில கை வைக்கணும். டவுன் எவ்வளவு ஹைவே எவ்வளவுனு பக்கத்துலயே ஒரு வரி எழுதுங்க, அது இல்லைன்னா நம்பருக்கு அர்த்தமே இல்ல.

பங்க் மேலயே சந்தேகம்னா 5 லிட்டர் அளவு பாத்திரத்துல பிடிச்சு காட்ட சொல்லுங்க. முத்திரை போட்ட பாத்திரம் ஒவ்வொரு பங்க்லயும் இருக்கணும், கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

டயர் சைஸ் மாத்தின வண்டியா வாங்கியிருந்தா அதையும் பாத்துக்கங்க. 185/65 ஆர்15 இருக்க வேண்டிய இடத்துல 195/65 ஆர்15 போட்டா சக்கரம் ஒரு 2 சதவீதம் பெருசு, அதனால ஓடோமீட்டர் உண்மைய விட கம்மியா ஓடும், மைலேஜும் பொய்யா கம்மியா வரும். இது பரவால்ல, சின்ன விஷயம், ஆனா கணக்குல வெச்சுக்கங்க.

எதிர்பார்ப்பு என்ன வெச்சுக்கணும்? 2011 ஸ்விஃப்ட் டீசலுக்கு ஏஆர்ஏஐ (வண்டிய டெஸ்ட் பண்ணி மைலேஜ் சொல்ற அமைப்பு) நம்பர் 22.9, 2014ல 25.2, 2018 மாடலுக்கு 28.4. இதெல்லாம் லேப்ல ரோலர் மேல ஓட்டி எடுத்தது. நல்ல கண்டிஷன்ல இருக்குற பழைய ஸ்விஃப்ட் ஏசி போட்டு டவுன்ல 15, 16, நிதானமா ஹைவேல 20, 22 குடுத்தா உங்க வண்டில குறை இல்ல, அதுக்கு மேல தோண்டாதீங்க. மாசம் 1200 கிமீ ஓட்டுறவர் 16ல இருந்து 20க்கு போனா 15 லிட்டர் மிச்சம், லிட்டர் 92னு போட்டா 1380 ரூபாய். இந்த நம்பர மனசுல வெச்சுக்கிட்டா எந்த ரிப்பேருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு தானா தெரியும்.

3. சக்கரம் தடையில்லாம சுத்துதா

இன்ஜின் பக்கமே போகாதீங்க இன்னும். பழைய வண்டில மைலேஜ தின்றது அதிகமா பிரேக் தான், ஆனா இத யாரும் பாக்குறதில்ல, ஏன்னா வண்டி நல்லா தான ஓடுதுனு தோணும்.

செக் பண்றது சுலபம். காலைல டிராஃபிக் இல்லாத ரோட்ல ஒரு 10, 15 கிமீ ஓட்டுங்க, கடைசி 2 கிமீ பிரேக்க முடிஞ்ச வரைக்கும் தொடாம வேகத்த குறைச்சு ஓரமா நிறுத்துங்க. இறங்கி நாலு சக்கரத்து ரிம் பக்கத்துலயும் கைய கொண்டு போங்க, தொடாதீங்க சுட்டுடும். ஒரு சக்கரம் மட்டும் அனலா அடிச்சா அங்க பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

அப்புறம் ஜாக்கி போட்டு ஒவ்வொண்ணா சுத்தி பாருங்க. முன் சக்கரத்த தூக்கும்போது நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கணும். பின் சக்கரத்துக்கு ஹேண்ட்பிரேக்க விட்டா தான் உண்மை தெரியும், அதனால கியர்ல போட்டு முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் வெச்சுட்டு தூக்குங்க, இத மறந்துட்டு வண்டி ஜாக்கில இருந்து நழுவின கதை எல்லா ஊர்லயும் இருக்கு. வண்டிக்கு அடில எந்த காரணத்துக்கும் போகாதீங்க. முன் சக்கரத்துல பேட் லேசா உரசுற சத்தம் சகஜம். கையால தள்ளினதும் பாதி சுத்து கூட போகாம நின்னா அது சகஜம் இல்ல.

காரணம் பெரும்பாலும் மூணு தான். முன்னாடி காலிப்பர் ஸ்லைடு பின் கிரீஸ் காஞ்சு இறுகியிருக்கும், பின்னாடி டிரம்ல தூசி அடைஞ்சு ஷூ திரும்ப உள்ள வராது, இல்லைன்னா எவனாவது ஹேண்ட்பிரேக் கேபிள ரெண்டு கிளிக்ல பிடிக்கணும்னு ஓவரா டைட் பண்ணி வெச்சிருப்பான். மூணுமே கிளீனிங், கிரீஸ், அட்ஜஸ்ட்மென்ட் வேலை தான், பார்ட்ஸ் செலவு பெருசா வராது. சக்கரம் சுத்தும்போது "கொர்ர்"னு சத்தம் வந்தா வீல் பேரிங், அத மைலேஜுக்காக இல்ல பாதுகாப்புக்காகவே மாத்துங்க.

4. டயரும் அலைன்மென்ட்டும்

பிரேக் சரியான பிறகு தான் இது. டிரைவர் கதவ திறந்தா ஸ்டிக்கர்ல காத்து அளவு இருக்கும், ஆள் ஏறினா வேற நம்பர் போட்டிருக்கும், ரெண்டையும் பாருங்க. காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி குளிர்ந்த டயர்ல அடிக்கணும். ஓட்டின சூட்டுல அளந்தா 3, 4 பிஎஸ்ஐ கூட காட்டும், பங்க் பையன் அத பாத்துட்டு காத்த இறக்கி விட்டுடுவார், அடுத்த நாள் காலைல டயர் தொப்பையா நிக்கும்.

ஸ்டிக்கர்ல போட்டத விட ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ கூட வெச்சா தப்பில்ல. மைலேஜ் ஆசைல 40 வரைக்கும் ஏத்துறாங்க சில பேர், மழைல பிரேக் அடிச்சா அன்னைக்கு தெரியும். நைட்ரஜன் அடிச்சா மைலேஜ் ஏறும்னு சொல்றது வியாபாரம், காத்து அளவு சரியா இருந்தா போதும்.

அலைன்மென்ட் தப்பா இருந்தா டயர் ஓரம் மட்டும் ரம்பப் பல்லு மாதிரி தேஞ்சிருக்கும், உள்ளங்கைய வெச்சு தடவினாலே தெரியும். அலைன்மென்ட் கடைக்கு போறதுக்கு முன்னாடி டை ராடு எண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆடுதானு பாக்க சொல்லுங்க, ஆடுற பார்ட்ஸ வெச்சுக்கிட்டு அலைன்மென்ட் பண்ணா அடுத்த ஸ்பீட் பிரேக்கர்லயே மாறிடும்.

இந்த ரெண்டு ஸ்டெப்பும் முடிஞ்சதும் ஒரு டேங்க் ஓட்டி எழுதுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மெக்கானிக் கிட்ட குடுத்து முடிச்சா எது பலன் குடுத்துச்சுனு தெரியாது, மறுபடி குறையும்போது எங்க பாக்குறதுனும் தெரியாது.

5. தெர்மோஸ்டாட்

கூலன்ட் சூடேறுற வரைக்கும் அத ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற வால்வு தான் இது. நம்ம ஊர்ல இது தனி கதை. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார், கழட்டி விட்டா இன்ஜின் ஜில்லுனு இருக்கும்"னு சொல்லி தெர்மோஸ்டாட்ட எடுத்து கடாசுற மெக்கானிக் இன்னும் இருக்காங்க. பழைய அம்பாசடர் காலத்து பழக்கம். கம்ப்யூட்டர் வெச்ச டீசலுக்கு ஜில்லுனு இருக்குறது நோய். கூலன்ட் சூடு பத்தலைன்னா இசியூ இன்ஜின் இன்னும் குளிர்ல இருக்குனு நினைச்சு அதுக்கேத்த மாதிரி டீசல் குடுக்கும், ஆயிலும் கெட்டியாவே இருக்கும், உராய்வு கூடும். நீங்க காரைக்குடி வெயில்ல ஓட்டினாலும் இன்ஜினுக்கு அது மார்கழி தான்.

சில மாடல்ல டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, நீல லைட்டும் சிவப்பு லைட்டும் மட்டும் தான், நீலம் அணைஞ்சிடுச்சேனு நீங்களும் நிம்மதியா ஓட்டுவீங்க. இங்க தான் ஓபிடி அடாப்டர் வேணும். போன்ல கூலன்ட் டெம்பரேச்சர் ரீடிங்க திறந்து வெச்சுட்டு ஹைவேல ஒரு 15 கிமீ போங்க, பக்கத்துல உக்காந்தவர் பாக்கட்டும். 80க்கு மேல ஏறி 85, 90 பக்கத்துல நிலையா நின்னா சரி. டவுன்ல 85 காட்டிட்டு ஹைவேல வேகம் எடுத்ததும் 70, 65னு இறங்கினா தெர்மோஸ்டாட் திறந்த வாக்குல மாட்டியிருக்கு, இல்ல உள்ளயே இல்ல.

புதுசு மாத்துறப்போ நல்ல கம்பெனி பார்ட் போடுங்க, கூடவே தண்ணிய வடிச்சுட்டு மேனுவல்ல சொன்ன கூலன்ட் ஊத்துங்க, காத்து முழுசா வெளிய வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ண சொல்லுங்க. இஞ்செக்டர் வேலைக்கு ஆகுற செலவுக்கு பக்கத்துல கூட இது வராது. அதனால தான் இஞ்செக்டருக்கு முன்னாடி இது.

6. காத்து உள்ள போற வழி

ஏர் ஃபில்டர வெளிய எடுத்து பாருங்க. கறுத்திருந்தா மாத்துங்க, ஏர் கன் வெச்சு வெளில இருந்து உள்ள அடிச்சு "கிளீன்" பண்றது தப்பு, தூசி பேப்பருக்குள்ள இன்னும் ஆழமா போகும், பேப்பர் கிழிஞ்சா நேரா டர்போவுக்கு போகும். எண்ணெய் தடவுற ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் வேண்டாம், எண்ணெய் ஓவரானா ஏர்ஃப்ளோ சென்சர் மேல படியும், அப்புறம் சென்சர் தப்பு கணக்கு சொல்லும்.

அடுத்து டர்போல இருந்து இன்டர்கூலர் (டர்போ அழுத்தின சூடான காத்த ஆற வைக்கிறது) போற ஹோஸ். இன்ஜின ஆஃப் பண்ணி, ஆறினதும் ஹோஸ் முழுக்க கைய விட்டு தடவி பாருங்க, கிளாம்ப் பக்கத்துல ஆயில் ஈரம் நிறைய இருந்தா, இல்ல அடிப்பக்கம் கீறல் இருந்தா அங்க காத்து கசியுது. அறிகுறி: ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது "ஸ்ஸ்"னு சத்தம், பிக்கப் செத்துப் போச்சு, பின்னாடி கருப்பு புகை. அளந்த காத்து வழில தப்பிச்சு போயிடுது, டீசல் மட்டும் முழுசா உள்ள போகுது, எரியாதது புகையா வருது. பழைய ஹோஸ்ல டேப் சுத்தி ஓட்டுறது ஊர் போய் சேர்ற வரைக்கும் தான்.

ஈஜிஆர் வால்வு (புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கு அனுப்புறது) கரி அடைஞ்சு திறந்தபடி மாட்டினாலும் இதே புகை, இதே மந்தம் தான். கழட்டி கிளீன் பண்ணலாம். தகடு வெச்சு அடைச்சு விடுறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, செக் இன்ஜின் லைட் வரும், சட்டப்படியும் தப்பு.

7. டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில்

ஃபில்டர மேனுவல் சொன்ன கிமீல மாத்துங்க, எப்ப மாத்தினாங்கனு தெரியலைன்னா இப்பவே மாத்துங்க. ஃபில்டர் அடில தண்ணி வடிக்கிற ஸ்க்ரூ இருந்தா சர்வீஸ் தோறும் திறந்து விட சொல்லுங்க, தண்ணி உள்ள போனா காமன்ரெயில் பம்ப் (ஹை பிரஷர் டீசல் பம்ப்) துருப்பிடிக்கும்.

ஆயில் 5டபிள்யூ-30 கேட்ட வண்டிக்கு "பழைய வண்டி தான, 15டபிள்யூ-40 ஊத்துங்க கெட்டியா நிக்கும்"னு சொல்றத கேக்காதீங்க. கெட்டி ஆயில தள்ளவே இன்ஜின் பலம் போகும். டிப்ஸ்டிக்ல மேக்ஸ் கோட்டுக்கு மேலயும் ஊத்த கூடாது.

8. இஞ்செக்டர், இது கடைசில தான்

மேல சொன்னது எல்லாம் முடிஞ்சு, புகையும் ஐடில் நடுக்கமும் இன்னும் இருந்தா மட்டும். முதல்ல லீக்-ஆஃப் டெஸ்ட் கேளுங்க, நாலு இஞ்செக்டர் ரிட்டர்ன்லயும் சின்ன பாட்டில் மாட்டி ஓட விட்டு எது அதிகமா திருப்பி விடுதுனு பாக்குறது. இஞ்செக்டர கழட்டாமயே இத செய்யலாம். நாலும் சமமா இருந்தா பெரும்பாலும் கழட்டாதீங்க, வருஷக்கணக்கா உக்காந்திருக்குற இஞ்செக்டர் ஹெட்ல ஒட்டிக்கும், எடுக்குறதே பெரிய வேலையாகிடும். ஒண்ணு மட்டும் வித்தியாசமா இருந்தா டீசல் பம்ப் கடைல டெஸ்ட் பெஞ்ச்ல வெச்சு பாக்கட்டும், திரும்ப மாட்டும்போது அடில இருக்குற காப்பர் வாஷர் கண்டிப்பா புதுசு போடணும். பழசையே போட்டா ஒரு மாசத்துல "சக் சக்"னு சத்தமும் சுத்தி தார் மாதிரி கரியும் வரும்.

9. இப்ப ஓட்டுற விதம்

இத ஏன் இவ்வளவு கீழ வெச்சேன்னா, பிரேக் பிடிச்ச வண்டிய எவ்வளவு பக்குவமா ஓட்டினாலும் பலன் தெரியாது, ஆள் சலிச்சு போய் விட்டுடுவார். வண்டி சரியான பிறகு இதுல தான் பெரிய வித்தியாசம் வரும், செலவும் இல்ல.

75 குதிரை ஸ்விஃப்ட்ல 190 என்எம் முழு டார்க் 2000 ஆர்பிஎம்ல வருது. அதனால 2000, 2200 தொட்டதும் மேல் கியருக்கு போங்க, 3000 வரைக்கும் இழுக்குறது டீசலுக்கு தேவையே இல்ல. அதே சமயம் மிச்சம் பிடிக்கிறேன்னு அஞ்சாவது கியர்ல 1200ல தடதடனு ஓட்டாதீங்க, டர்போ எழுந்திருக்காத இடம் அது, நீங்க இன்னும் மிதிப்பீங்க, இன்ஜினும் கிளட்சும் அடி வாங்கும். 1500க்கு கீழ போனா கியர இறக்குங்க.

மலை இறங்கும்போது நியூட்ரல் போடுற பழக்கம் பஸ் டிரைவர பாத்து வந்ததா என்னனு தெரியல, ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலைனு எங்க போனாலும் பாக்கலாம். இது மிச்சமே இல்ல. கியர்லயே வெச்சுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இசியூ டீசல முழுசா நிறுத்திடும், சக்கரம் தான் இன்ஜின சுத்துது. நியூட்ரல் போட்டா ஐடில்ல ஓட டீசல் வேணும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் வெறும் பிரேக்ல இறங்கினா பிரேக் காய்ஞ்சு பிடிக்காம போகும், உயிர் போற விஷயம்.

இதே விஷயம் ஹைவேலயும் உதவும். டோல்கேட் தூரத்துல தெரிஞ்சதும், சிக்னல் சிவப்பானதும் கால எடுத்து கியர்லயே உருள விடுங்க. கடைசி வரைக்கும் மிதிச்சுட்டு போய் பிரேக் அடிக்கிறவர் எரிச்ச டீசல பிரேக் சூடாக்க குடுக்குறார்.

வேகம்: காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80ல இருந்து 100க்கு போனா காத்து தடை 56 சதவீதம் கூடுது, 120ன்னா 80ல இருந்தத விட ரெண்டே கால் மடங்கு. செங்கல்பட்டுல இருந்து திருச்சி வரைக்கும் 80, 85ல போங்க, ஒரு தடவ போய் அளந்து பாருங்க, மத்த எந்த வேலையும் குடுக்காத மைலேஜ் இது குடுக்கும். லேட் ஆகும் தான், அது உங்க முடிவு. கூரை மேல கேரியர் இருந்தா தேவையில்லாத நாள்ல கழட்டிடுங்க. ஹைவேல ஜன்னல திறக்குறத விட ஏசி மேல், டவுன்ல மெதுவா போகும்போது ஜன்னல் மேல்.

காலைல பத்து நிமிஷம் நின்ன இடத்துல சூடு பண்றது வேண்டாம். அரை நிமிஷம் போதும், அப்புறம் முதல் சில கிமீ மெதுவா ஓட்டுங்க, ஓடும்போது தான் சீக்கிரம் சூடேறும். ஹைவே ஓட்டி நிறுத்தினதும் டர்போவுக்காக அரை நிமிஷம் ஐடில் விட்டா போதும், டீ சொல்லிட்டு வர்ற வரைக்கும் ஓட விடாதீங்க.

10. பிஎஸ்6 வண்டி வெச்சிருக்கீங்களா

ஆல்ட்ராஸ், ஐ20 மாதிரி 2020க்கு அப்புறம் வந்த டீசல்ல டிபிஎஃப்னு ஒரு புகை ஃபில்டர் இருக்கு, சைலன்சர் வழில கரிய பிடிச்சு வெச்சு அப்பப்ப எரிக்கும். எரிக்கும்போது ஐடில் லேசா ஏறும், ஃபேன் ஓடும், மைலேஜ் இறங்கும், அந்த ஒரு டேங்க்ல நம்பர் குறைஞ்சா பதறாதீங்க. அந்த நேரத்துல பாதில ஆஃப் பண்ணிக்கிட்டே இருந்தா கரி அடைஞ்சு லைட் எரியும். வாரம் ஒரு தடவையாவது இருபது, முப்பது நிமிஷம் ஹைவே காட்டுங்க, ஆயிலும் டிபிஎஃப்க்குனு மேனுவல்ல சொன்ன குறைஞ்ச சாம்பல் வகை தான் ஊத்தணும்.

11. காசு குடுக்க வேண்டாத பொருட்கள்

டீசல் லைன்ல மாட்டுற காந்தம், சிகரெட் லைட்டர்ல சொருகுற பெட்டி, இது ரெண்டும் சுத்த ஏமாத்து. மண்ணெண்ணெய் கலக்குறது அத விட மோசம், ஏன்னா ஹை பிரஷர் பம்புக்கு லூப்ரிகேஷனே டீசல் தான், மண்ணெண்ணெய்ல அந்த வழவழப்பு இல்ல, பம்ப் தேஞ்சு இரும்புத்தூள் நாலு இஞ்செக்டருக்கும் போகும். ரீமேப்ல பவர் வரும், உண்மை தான், ஆனா மைலேஜுக்காகனு பண்ணாதீங்க, வந்த பவர மிதிக்காம ஓட்டின ஆள நான் இன்னும் பாக்கல.

12. சரியான பிறகு திடீர்னு குறைஞ்சா

நோட்ட தொடர்ந்து எழுதுங்க, ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும் ஒரு வரி. ஒரு டேங்க்ல குறைஞ்சா ஒண்ணும் பண்ணாதீங்க, நுரையா இருக்கலாம், டிராஃபிக்கா இருக்கலாம். தொடர்ந்து ரெண்டு டேங்க் குறைஞ்சா முதல்ல புகைய பாருங்க. கருப்பு புகை இருந்தா ஆறாவது ஸ்டெப், புகை இல்லாம குறைஞ்சா மூணாவது ஸ்டெப், புகையும் இல்ல சக்கரமும் சூடில்லன்னா ஓபிடிய மாட்டி கூலன்ட் டெம்பரேச்சர். நீலப் புகை வந்தா அது ஆயில் எரியுற புகை, டர்போ சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம், அத மைலேஜ் பிரச்சனையா நினைச்சு தள்ளிப் போடாம டிப்ஸ்டிக்ல ஆயில் அளவ பாத்துட்டு அன்னைக்கே மெக்கானிக்க பாருங்க.